நியூயார்க் டாக்சிகளும் ஆயில் மாற்றும் கணக்கும்

"ஐயாயிரத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க சார், இன்ஜினுக்கு நல்லது." தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்கள் யாரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. இன்று விற்கும் பல பெட்ரோல் கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது, என்று அச்சிட்டிருக்கும். மெக்கானிக் ஷெட்டில் அதில் பாதிதான் பேச்சு. அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே மெக்கானிக்குகளின் எண் 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டர். கடல் கடந்தும் இரண்டு ஊர்க்காரர்களும் சொல்லிவைத்தாற்போல ஏறத்தாழ ஒரே தூரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண்ணை வாகனங்களில் ஓட்டிப் பார்த்து, இன்ஜினைப் பிரித்து, அளந்து, முடிவைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்ட சோதனைகள் குறைவு. ஆயில் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் ஓயாமல் சோதிக்கின்றன. ஆனால் அவர்களுக்கு விற்க ஒரு பொருள் இருக்கிறது. விற்க எதுவும் இல்லாத ஒரு தரப்பு செய்த சோதனை என்பதால்தான் 1990-களின் நியூயார்க் டாக்சிச் சோதனை முப்பது ஆண்டுகளாகியும் ஆயில் விவாதங்களில் தலைகாட்டுகிறது. அதைப் பலர் பாதியாகப் படித்து மேற்கோள் காட்டுகிறார்கள். மீதிப் பாதியில்தான் நம் கார்களுக்கான விஷயம் இருக்கிறது.

சோதனை நடந்த விதம்

செய்தது "கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" இதழ். 1936 முதல் வரும், விளம்பரம் வாங்காத நுகர்வோர் இதழ். 1996 ஜூலை இதழில் முடிவு வெளியானது.

நியூயார்க் நகரில் ஓடும் 75 டாக்சிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே வகையான, புதுப்பித்துக் கட்டிய இன்ஜின். பொருத்துமுன் உள்பாகங்கள் துல்லியமாக அளக்கப்பட்டன. பிறகு ஒவ்வொரு வண்டியும் 60,000 மைல், அதாவது சுமார் 96,500 கிலோமீட்டர் ஓடவேண்டும். மொத்தச் சோதனைக்கும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முடிவில் இன்ஜின்களைக் கழற்றி கேம்ஷாஃப்ட், வால்வு லிஃப்டர், கனெக்டிங் ராடு பேரிங் எல்லாம் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, எவ்வளவு கசடு படிந்திருக்கிறது என்று பார்த்தார்கள்.

ஆயில் மாற்றியது 6,000 மைலுக்கு ஒருமுறை, சுமார் 9,650 கிலோமீட்டர். டாக்சி மாதிரிக் கடும் உபயோகத்துக்குக் கார் கம்பெனிகள் அப்போது சொன்னதைப் போல இது இரண்டு மடங்கு. தெரிந்தேதான் இழுத்தார்கள், ஆயில்களுக்கிடையே வித்தியாசம் இருந்தால் இப்படி வதைக்கும்போது வெளியே வரட்டும் என்பது எண்ணம். ஏனென்றால் சோதனையின் முதல் நோக்கம் எந்த பிராண்ட் உசத்தி என்று கண்டுபிடிப்பது. மாற்றும் இடைவெளி இரண்டாவது கேள்வியாகத்தான் உள்ளே வந்தது.

அந்த இரண்டாவது கேள்விக்காக மூன்று வண்டிகளைத் தனியே ஒதுக்கி, அவற்றில் மட்டும் 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றினார்கள். அதே ஆயிலை 6,000 மைலுக்கு மாற்றிய வண்டிகளோடு இவற்றை ஒப்பிட்டார்கள். இன்னும் மூன்று வண்டிகளில் சிந்தெடிக் எனப்படும் செயற்கை ஆயிலை ஊற்றி 12,000 மைல் வரை விட்டுப் பார்த்தார்கள்.

கழற்றியதும் தெரிந்தது

பிராண்ட் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரே ஆயில் ஊற்றிய இரண்டு வண்டிகளுக்குள் இருந்த வேறுபாடும், வெவ்வேறு ஆயில் ஊற்றிய வண்டிகளுக்குள் இருந்த வேறுபாடும் ஏறத்தாழ ஒரே அளவு. அளந்த தேய்மானத்தின் சராசரி 0.0026 அங்குலம், அந்த இதழின் ஒரு தாள் தடிமன் என்று அவர்களே எழுதினார்கள். மில்லிமீட்டரில் 0.07-ஐ எட்டாது.

3,000 மைலுக்கு மாற்றிய வண்டிக்கும் 6,000-க்கு மாற்றிய வண்டிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே தெரியவில்லை.

12,000 மைல் வண்டிகளில்தான் சிக்கல். மூன்றில் இரண்டு இன்ஜின்களில் கோளாறு வந்தது. அது ஆயிலால் வந்தது என்று சொல்ல முடியவில்லை என அவர்களே பதிவு செய்தார்கள். மூன்றாவது இன்ஜின் மற்ற வண்டிகளைவிட மோசமாக இல்லை. ஆனாலும் எந்த ஆயிலையும் அவ்வளவு தூரம் விடாதீர்கள், திடக் கழிவும் அமிலமும் எரிபொருளும் நீரும் சேர்ந்துகொண்டே போகும் என்று எச்சரித்தார்கள். சாதாரண உபயோகத்துக்கு 7,500 மைல் அல்லது கார் கம்பெனி சொன்ன தூரம் போதும் என்பது அவர்கள் தீர்ப்பு. ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள்.

அதே இதழ் தன் வாசகர்களைக் கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 3,000 மைலுக்குள்ளேயே ஆயில் மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். இதழில் வேலை பார்த்த ஒருவரே, அப்பா அப்படித்தான் செய்தார், அவர் கார்கள் எல்லாம் வெகுகாலம் ஓடின என்று காரணம் சொன்னாராம். நம்மூர் அப்பாக்கள் ஒன்றும் தனிப்பிறவி இல்லை.

மூன்று வண்டி போதுமா?

போதாது என்று சொல்பவர்கள் உண்டு. புள்ளிவிவரம் படித்தவர் யாரும் மூன்றுக்கு மூன்று ஒப்பீட்டை வைத்துச் சத்தியம் செய்யமாட்டார். ஆனால் இந்தச் சோதனையின் பலம் அந்த மூன்று வண்டிகளுக்கு வெளியேயும் இருக்கிறது. 6,000 மைல் இடைவெளியில் ஓடியவைதான் பெரும்பாலான வண்டிகள், அவற்றின் உட்புறமும் சுத்தமாக இருந்தது. ஆயில் அந்த இடைவெளியில் தோற்றிருந்தால் அத்தனை இன்ஜின்களிலும் அதன் அடையாளம் விழுந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை மட்டும்தான் எண்ணும். சிக்னலில் நின்று உறுமுவது அதில் ஏறாது. மணிக்குச் சராசரி 50 கிலோமீட்டரில் ஓடும் கார் 10,000 கிலோமீட்டரை 200 மணி நேரத்தில் முடிக்கும். சராசரி 15 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 667 மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கும். மன்ஹாட்டன் நெரிசலில் ஊர்ந்தும், சவாரிக்காக ஓரம் கட்டி ஐடிலில் நின்றும் அந்த டாக்சிகள் 6,000 மைல் போட்டன என்றால், ஆயில் உழைத்த நேரம் ஓடோமீட்டர் காட்டியதைவிட மிக அதிகம். அதிலும் தாக்குப்பிடித்தது.

இவ்வளவு வரைக்கும்தான் பலரும் படிக்கிறார்கள். "நியூயார்க் டாக்சியே 9,600 ஓடுதாம், நம்ம கார் ஓடாதா?" என்று கேட்டுவிட்டுக் கட்டுரையை மூடிவிடுகிறார்கள்.

டாக்சி ஒருபோதும் ஆறுவதில்லை

மூடக்கூடாத இடம் இதுதான். எல்லா ஆயில்களும் ஸ்லட்ஜ் என்கிற கசடைத் தடுத்துவிட்டன என்று எழுதிய அதே பத்தியில், அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருந்தார்கள்: கசடு அதிகம் உண்டாவது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதும் குறுகிய பயணத்திலும்; இந்த டாக்சிகளோ இன்ஜின் ஆறுகிற அளவுக்கு நின்றதே அபூர்வம். இரவும் பகலும் ஷிஃப்ட் மாறி ஓடுகிற வண்டி அது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இன்ஜினுக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் வரும். எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். காலையில் சைலன்ஸரில் சொட்டுவது அதுதான். ஆனால் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே, ஆயில் இருக்கும் கிராங்க்கேஸ் என்ற அறைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தால் அந்த நீராவி நீராவியாகவே, கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வு வழியாக வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் உள்சுவரில் படிந்து ஆயிலில் இறங்கும். பெட்ரோலும் அப்படித்தான். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டப்படும். முழுவதும் எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். நீர், அமிலம், எரியாத எரிபொருள், கரி எல்லாம் கலந்து நாளடைவில் கசடாகத் திரள்கின்றன.

கழுவுவதற்கும் அமிலத்தை முறிப்பதற்கும் ஆயிலில் கால்சியம், மக்னீசியம் சேர்ந்த காரப் பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவை தீரத் தீர ஆயில் தன் பாதுகாப்பை இழக்கும். இவை எவ்வளவு வேகமாகத் தீரும் என்பதைக் கிலோமீட்டரைவிட, எத்தனை முறை குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிப் பாதிச் சூட்டிலேயே அணைத்தோம் என்பது அதிகம் தீர்மானிக்கிறது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயில் அந்தச் சூட்டை எட்ட மேலும் பல நிமிடங்கள் ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் ஸ்கூல், அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் மார்க்கெட், திரும்ப வீடு என்று ஓடும் கார் அந்த நிலைக்கு வருவதே இல்லை.

ஆக, நாம் "கடும் உபயோகம்" என்று சொன்னதும் மனதில் வரும் வண்டி, நெரிசலில் நாள் முழுதும் ஓடும் டாக்சி, ஆயிலுக்கு அவ்வளவு கடுமை இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே துணி போர்த்தி நிற்கும், வாரம் இருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் கார்தான் ஆயிலை அதிகம் கெடுக்கிறது. இந்த இரண்டு உரிமையாளர்களும் நடந்துகொள்வது நேர்மாறாக இருக்கிறது. கால் டாக்சி ஓட்டுபவர் பயந்து சீக்கிரம் மாற்றுகிறார். ஓய்வுபெற்ற பெரியவர், "வண்டி இன்னும் மூவாயிரம்கூட ஓடலையே, எதுக்குப்பா ஆயில்?" என்று இரண்டாவது வருஷத்தையும் தள்ளிவிடுகிறார்.

ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ காலை ஆறு மணிக்கும் வெளிச்சூடு 20 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. பனி உறையும் ஊரில் குறும்பயணம் செய்யும் சேதத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கணக்கு வேறு.

தூரத்துக்குப் பதில் சுற்று

டாக்சிச் சோதனைக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 1987-இல் ஆயில் மாற்றும் நேரத்தைத் தானாகச் சொல்லும் முறை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஆயிலின் தரத்தை நேரடியாக அளக்கும் சென்சார் எதுவும் அதில் இல்லை. இன்ஜின் சுற்றும் ஒவ்வொரு சுற்றையும் கணினி எண்ணும். ஆயில் மிகச் சூடாகவோ மிகக் குளிராகவோ இருக்கும்போது அந்தச் சுற்றுக்குக் கூடுதல் எடை போடும். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் எண்ணிக்கை மெதுவாகக் கரையும், குறும்பயணத்தில் வேகமாகக் கரையும். இன்று பல கார்களின் திரையில் ஆயிலின் மிச்ச ஆயுள் சதவீதமாகத் தெரிவதற்கு அடித்தளம் இப்படிப்பட்ட கணக்குதான். உங்கள் காரில் அது இருந்தால் ஷெட்டில் சொல்வதைவிட அதை நம்பலாம் என்பேன், மாற்றிய பிறகு ரீசெட் செய்ய மறக்காதவரை.

எதிர்ச்சாட்சி: டொயோட்டா கசடு விவகாரம்

டாக்சிகளை மட்டும் வைத்து, இடைவெளியை நீட்டினால் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டுபவர்களுக்குக் காட்ட இன்னொரு வழக்கு இருக்கிறது. 1997 முதல் 2002 வரையிலான மாடல்களில் வந்த டொயோட்டாவின் 3.0 லிட்டர் வி-6 இன்ஜினிலும், 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினிலும் கசடு திரண்டு பழுதானதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. கேம்ரி, சியன்னா முதல் லெக்ஸஸ் வரை, சுமார் 33 லட்சம் வண்டிகளில் இந்த இன்ஜின்கள் இருந்தன. உரிமையாளர்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றாததே காரணம் என்றது கம்பெனி. மாற்றினோம் என்று பலர் எதிர்வாதம் செய்தார்கள். 2002-இல் கம்பெனி இந்தக் கசடு பழுதுக்கு மட்டும் எட்டு ஆண்டு வரை பொறுப்பேற்கும் தனித் திட்டம் அறிவித்தது. கூட்டு வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவில் 7,500 மைலாக இருந்த பரிந்துரையைப் பின்னாளில் 5,000 மைலாகக் குறைத்தார்கள்.

விமர்சகர்கள் கைகாட்டியது சிலிண்டர் ஹெட்டின் அதிகச் சூட்டையும், கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் அமைப்பையும். யார் பக்கம் நியாயம் எவ்வளவு என்பது நீதிமன்றத்தில் முழுதாக அலசப்படவில்லை; என் பார்வையில் இரண்டு பக்கமும் ஓரளவு சரி. இடைவெளி நீண்டால் எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி மன்னிப்பதில்லை. ஒன்றில் 12,000 கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது, இன்னொன்றில் வால்வு கவரைத் திறந்தால் தார் போல அப்பியிருக்கும். அதனால்தான் 75 டாக்சிகளும் ஒரே வகை இன்ஜினில் ஓடின என்பதை மறக்கக்கூடாது.

அந்த இன்ஜின், புகையின் விசையில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாதது என்பதும் கவனத்துக்குரியது. இன்று சந்தையில் உள்ள சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் ஆயில் படும் பாடு வேறு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றக்கூடியது. அதன் பேரிங்குக்கும் இதே ஆயில்தான். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் அது சுவரில் பட்டு ஆயிலில் கலக்கும் வாய்ப்பும் கூடுதல். 2018 தொடக்கத்தில் வட சீனாவின் குளிரில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ சிஆர்-வி கார்களில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியது. ஏறியது பெட்ரோல். கம்பெனி அங்கே விற்பனையை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

நம்மூர் டீசல் கார்காரர்களுக்கு இது அந்நியக் கதை இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க, பல இன்ஜின்கள் கூடுதல் டீசலைப் பீய்ச்சிப் புகையைச் சூடாக்கும். நெடுஞ்சாலையில் போனால் அந்தச் சுத்திகரிப்பு முழுதாக முடியும். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டரில் அணைத்து அணைத்து ஓட்டினால் பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். கிலோமீட்டர் எவ்வளவு என்று பார்க்காமல் சர்வீஸுக்கு விட வேண்டும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு டீசல் கார் எதற்கு என்பது தனி விவாதம்.

சரி, எப்போது மாற்றுவது?

டர்போ இல்லாத பெட்ரோல் கார், தினமும் ஒரே மூச்சில் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் கையேட்டில் இருக்கும் 10,000-ஐத் தாராளமாக நம்பலாம். 5,000-க்கு மாற்றுவதால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்குத்தான். நாள் முழுதும் ஓடும் கால் டாக்சிக்கும் கையேடு சொல்வதே அளவு. அதில் கடும் உபயோகத்துக்கென்று தனி அட்டவணை இருந்தால் வாரன்டி முடியும்வரை அதைப் பின்பற்றிவிடுவது வழக்குக்கு இடம் வைக்காது.

ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஓராண்டு ஆனதும் மாற்றிவிடுங்கள், ஓடோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம். ஓட்டமெல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர்த் துண்டுகள் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறம் பாருங்கள். பழுப்பு வெண்மையில் குழகுழப்பாகப் படிந்திருந்தால் நீர் சேர்கிறது. மாதம் ஓரிரு முறை செங்கல்பட்டு வரை, திருப்பெரும்புதூர் வரை என்று ஒரு மணி நேரம் ஓட்டிவந்தாலே ஆயிலில் சேர்ந்த நீரும் எரிபொருளும் பெருமளவு ஆவியாகிவிடும். அதற்குப் பிறகும் படிவு தொடர்ந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

டர்போ பெட்ரோலுக்குக் கையேட்டில் சொன்ன அதே தரமும் கிரேடும் கொண்ட ஆயில் அவசியம். டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். சாம்பல் கூடிய ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும். இந்த இரண்டு வகையிலும் தூரத்தை இழுத்துப் பார்க்க நான் சொல்லமாட்டேன்.

"கறுத்துப்போச்சு சார்" என்பதை மட்டும் காரணமாக ஏற்க வேண்டாம். கரியைப் பிரித்துத் தன்னுள் மிதக்கவிடுவதுதான் ஆயிலின் வேலை. வேலை செய்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். டீசல் காரில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். நிறத்தைவிட மட்டம் முக்கியம். பழைய ஆயிலோடு சில ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடிய இன்ஜின் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஆயில் குறைந்தபின்னும் பார்க்காமல் ஓட்டிய இன்ஜின் பிழைப்பது கஷ்டம். பத்தாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் போகிறவர், முக்கியமாக லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை வைத்திருப்பவர், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்கோட்டுக்குக் கீழேயே நிறுத்துங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள், அப்போது கிலோமீட்டர் என்ன என்று சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்தால், அடுத்த சர்வீஸில் உங்கள் இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று அட்வைசர் ஊகிக்க வேண்டியிருக்காது.